மேல் வலது மூலை

மார்ச் 3, ஞாயிறு

லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவள் வீட்டுக்குப் புரொஜெக்டர் வந்தால் என்ன நடக்கும் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். காலையிலிருந்து இவர் ரசமட்டத்தை வைத்து மேஜையை அளந்துகொண்டிருந்தார். ஒரு நூல் சாய்ந்திருக்கிறதாம். மேஜைக்காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து, குனிந்து பார்த்து, மறுபடி எடுத்து மடித்து... படம் ஓடப்போவது சுவரில், மேஜையில் இல்லை என்றேன். காதிலேயே வாங்கவில்லை.

மத்தியானம் வாலு வந்தாள். நாற்பத்து நாலு வயதான தங்கையை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா என்றால், அவள் அப்படித்தான் நடந்துகொள்கிறாள். வந்ததும் வராததுமாக எங்கள் போர்வைகளை எடுத்து ஜன்னல்களில் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினாள். இருப்பதிலேயே நல்ல நாற்காலியையும் பிடித்துக்கொண்டாள்.

என்ன படம் போடுவது என்ற கேள்வியே எழவில்லை. பள்ளிக்கூட நாட்களில் நானும் அவளும் தியேட்டரில் பதினோரு தடவை பார்த்த அந்த விண்வெளிப் படம்தான். பழுது பார்க்கக் கப்பலை விட்டு வெளியே போனவனின் குட்டி வண்டியின் கயிறு அறுந்து போய்விடும். கப்பல் அவனுக்காகக் காத்திருக்கும். கிளம்பியே ஆக வேண்டிய நேரம் வந்துவிடும். அப்போது பெரிய ஜன்னல், வெளியே நட்சத்திரங்கள், துளிச் சத்தம் கிடையாது, முழுசாக நாற்பது விநாடி. மேல் வலது மூலையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் புள்ளி நகர்ந்து வரும். அவன் வண்டியின் விளக்கு.

எங்கள் ஆட்டம் அந்த நாற்பது விநாடியில்தான். திரையின் நடுவே ஜன்னல் சட்டத்தில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். கண்ணை அதை விட்டு நகர்த்தக் கூடாது. ஓரக்கண்ணால் புள்ளியைப் பிடித்து முதலில் "அதோ!" என்று சொல்பவள் ஜெயித்தாள். மூலையையே முறைத்துக்கொண்டிருந்தால் ஆட்டம் செல்லாது என்பது வாலு போட்ட விதி. அந்த விதியோடும் பதினோரு தடவையும் நான்தான் ஜெயித்தேன். எனக்குப் பருந்து என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

இன்றைக்கு "அதோ!" என்று கத்தியது அவள்.

எழுந்து குதித்து, சோளப்பொரியைக் கொட்டி, "பருந்துக்கு வயசாயிடுச்சு மாமா, பருந்துக்கு வயசாயிடுச்சு!" என்று இவரைப் பிடித்து உலுக்கி ஒரே ரகளை. நானும் சிரித்தேன். ஆனால் அவள் கத்தியபோதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குதித்து முடித்து உட்கார்ந்த பிறகுதான், கிட்டத்தட்ட நடுவில், அந்தப் புள்ளி திடீரென்று இருந்தது. நகர்ந்து வந்ததாகத் தெரியவில்லை. யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது.

மார்ச் 4, திங்கள்

சுவரில் அந்த மூலையில் பழைய ஆணி ஓட்டையை அடைத்துப் பூசிய இடம் இருக்கிறது. அதுதான். வேறென்ன.

மார்ச் 9, சனி

என் தொல்லை தாங்காமல் இவர் சுவரைத் தேய்த்து வெள்ளை அடித்தார். லென்ஸைத் துடைத்தார். சாயங்காலம் அந்த நாற்பது விநாடியை மட்டும் ஆறு தடவை போட்டுப் பார்த்தோம். ஆறு தடவையும் மூலையில் எனக்கு ஒன்றும் இல்லை. பழைய படத்தைத் துடைத்துப் புதுசாக்கினார்களே, அப்போது புள்ளியையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள், கூறுகெட்டவர்கள் என்று திட்டினேன்.

"எனக்குத் தெரியுதே" என்றார் இவர்.

"எங்க தெரியுது?"

எழுந்து போய்ச் சுவரில் விரலை வைத்தார். விரல் நுனியைப் பார்த்தேன். இருந்தது. ஆரஞ்சுப் புள்ளி, அவர் நகத்துக்குப் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. கண்ணைத் திருப்பி நடுவில் இருக்கும் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். புள்ளி இல்லை. மறுபடி மூலை — இருக்கிறது. மறுபடி நடு — இல்லை.

"புரொஜெக்டர் கோணம் சரியில்லை போல, நாளைக்குப் பார்க்கிறேன்" என்றார். ஆமாம், கோணம்தான் என்றேன். உள்ளே போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். கோணம் நகர்ந்தால் எல்லாருக்கும்தானே நகர வேண்டும்?

மார்ச் 10, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதினால் கொஞ்சம் அடங்குமா பார்ப்போம்.

என் வேலை கண்ணில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக ஸ்லைடு பார்க்கிறேன். கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, என் மேஜைக்கு அனுப்புவார்கள். ரோஸும் நீலமுமாக ஆயிரக்கணக்கான நல்ல செல்கள் இருக்கும். அதில் கோணலாக, கறுத்து, ஒன்றிரண்டு கெட்டது இருக்கலாம். இருந்தால் அதன் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் பெரிய டாக்டருக்கு அனுப்புவேன். இல்லையென்றால் 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்து போட்டுவிடுவேன். 'இயல்பு' என்று நான் எழுதியதை அதற்கு மேல் யாரும் பார்ப்பதில்லை.

எனக்கு இடது கண் பிறவியிலிருந்தே சோம்பேறி. பெரிய எழுத்துக்கும் ஆள் அடையாளத்துக்கும் உதவும், அவ்வளவுதான். அதனால் மைக்ராஸ்கோப்பில் இரண்டு குழாய் இருந்தாலும் நான் வலது கண்ணால் மட்டும்தான் பார்ப்பேன். அதில் பெருமை வேறு. ஒற்றைக் கண்ணால் இரண்டு பேர் வேலை!

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஸ்லைடை வரிசை வரிசையாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு வரிசை முடிந்து அடுத்ததற்கு ஏறும்போது பழைய வரிசையில் மூன்றில் ஒரு பங்கு மறுபடி கண்ணில் பட வேண்டும். அதுதான் விதி. ஓரத்தில் தப்பினது அடுத்த வரிசையில் மாட்டும். நான் அதை வருடக்கணக்காக விட்டுவிட்டேன். ஒரு மயிரிழை அளவுதான் மறுபடி கண்ணில் படும். அதனால்தான் எனக்கு நாளைக்கு இருபத்திரண்டு ஸ்லைடு. பக்கத்து மேஜைப் பெண் விதிப்படி பார்த்துப் பன்னிரண்டைத் தாண்ட மாட்டாள். அவளுக்கு நத்தை என்று பெயர் வைத்தேன். கூடம் முழுக்க அந்தப் பெயர்தான் இப்போது.

நடுவைப் பார்க்கும்போது மேல் வலது மூலை தெரியவில்லை என்றால், ஸ்லைடிலும் தெரிந்திருக்காது. எத்தனை நாளாக?

அக்டோபரில் வாலுவை நான்தான் இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக்குக் கொடுக்க வைத்தேன். சொந்தக்காரர் ஸ்லைடை நாமே பார்க்கக் கூடாது, பக்கத்து மேஜைக்குத் தள்ள வேண்டும். நத்தை நாலு நாள் இழுப்பாள் என்று நானே பார்த்தேன். இயல்பு. கையெழுத்து என்னுடையது.

அடங்கவில்லை. எழுதினதும் இன்னும் அதிகமாகத்தான் ஆகியிருக்கிறது.

மார்ச் 11, திங்கள்

காலையில் வாலு போன் செய்தாள். என்னென்னவோ பேசிவிட்டுக் கடைசியில் போகிற போக்கில், "அக்கா, ரெண்டு மாசமா நடுநடுவுல கொஞ்சம் ரத்தம் பட்டுட்டே இருக்கு. வயசாகுதில்ல, அதான் போல. அதான் நீயே பார்த்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டியே."

நீயே பார்த்து. நீயே பார்த்து. போனை வைத்த பிறகும் அதுவே கேட்டுக்கொண்டிருந்தது. ஐயோ, நான் எதைப் பார்த்தேன்?

டாக்டரிடம் காட்டு, இன்றைக்கே காட்டு என்றேன். "உனக்கு எதுக்கெடுத்தாலும் அவசரம்" என்று சிரித்தாள்.

மார்ச் 13, புதன்

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போனதும் பழைய ஸ்லைடுத் தட்டுகள் இருக்கும் அலமாரியைத் திறந்து அவள் ஸ்லைடை எடுத்தேன். திருட்டு வேலை செய்கிறவளுக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். முதலில் நேராக வைத்துப் பார்த்தேன். பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். திருப்பி வைத்தால் மேல் வலதில் இருந்தது கீழ் இடதுக்கு வருமே. ஒன்றும் இல்லை. எல்லாம் நல்ல செல்.

அப்பாடா என்று நிமிர்ந்தேன். நிமிர்ந்த உடனே அடுத்த பயம் வந்து உட்கார்ந்தது. யார் சொல்கிறது ஒன்றும் இல்லை என்று? அதே கண்தானே சொல்கிறது?

மார்ச் 14, வியாழன்

உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டுத் தனியாகக் கண் டாக்டரிடம் போனேன். இவரிடமும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். இடது கண்ணுக்குத் துணி ஒட்டினார்கள். கிண்ணத்தின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு. "அதையே பாருங்க. கண்ணை நகர்த்தாதீங்க. சுத்தி எங்கயாவது வெளிச்சம் தெரிஞ்சா இந்தப் பட்டனை அமுக்குங்க" என்றாள் அங்கிருந்த பெண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆட்டம்! விதி கூட அதே விதி!

அமுக்கினேன், அமுக்கினேன், அமுக்கினேன். பிறகு வெளிச்சமே வரவில்லை. மெஷின் மட்டும் உள்ளே டிக், டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஓய்வு கொடுக்கிறார்கள் போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அது ஓய்வு கொடுக்கவில்லை. ஒவ்வொரு டிக்கும் ஒரு வெளிச்சம். எனக்குத் தெரியாத இடத்தில் காட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளங்கை வேர்த்துப் பட்டன் வழுக்கியது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

படத்தைத் தாளில் எடுத்துக் காட்டினார் டாக்டர். வலது கண், நடுவுக்குச் சற்று மேலே, வலது பக்கம், அவரைக்கொட்டை அளவு கறுப்பு. கண் அழுத்த நோயாம். வலிக்காதாம். மூளை அந்த இடத்தைத் தானே பூசி மெழுகிவிடுமாம், அதனால் தெரியாதாம்.

"போனது வராதும்மா. மருந்து விட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம்."

"எவ்வளவு நாளா இருக்கும்?"

"ஒரு வருஷமா இருக்கலாம், கூடவும் இருக்கலாம். என்ன வேலை பார்க்கறீங்க?"

"ஆபீஸ் வேலை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயிலிருந்து தானாக வந்தது.

மார்ச் 15, வெள்ளி

நத்தையிடம் வாலுவின் ஸ்லைடைக் கொடுத்தேன். "சும்மா ஒரு சந்தேகம், பார்த்துச் சொல்லேன்" என்றேன், எதுவும் இல்லாதது போல. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இந்த அக்காவுக்குச் சந்தேகமா என்று நினைத்திருப்பாள். பிறகு இரண்டு கண்ணையும் வைத்து, வரிசை வரிசையாக, மூன்றில் ஒரு பங்கை மறுபடி மறுபடி தொட்டு, அவள் பார்த்த நாற்பது நிமிஷத்தில் எனக்கு ஆயுசே குறைந்துவிட்டது.

"சுத்தமா இருக்குக்கா. யாரோடது?"

"யாரோ" என்றேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் வாலுவும் போன் செய்தாள். டாக்டரிடம் காட்டினாளாம். உள்ளே சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கிறதாம், கெடுதல் இல்லாதது, ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்றாராம். "பார்த்தியா, பருந்து சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மார்ச் 16, சனி

இருபத்திரண்டு ஸ்லைடு பார்த்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

இவர் புரொஜெக்டருக்குச் சுவரோடு ஒரு தாங்கி செய்து மாட்டிவிட்டார். இனி கோணம் மாறவே மாறாது என்று பெருமையாகச் சொன்னார். "வா, புள்ளி தெரியுதா பார்ப்போம்." தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

வாலுவுக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் மருந்து இருக்கிறது. இனிமேல் ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு தடவை, திருப்பித் திருப்பிப் பார்த்தால் போகிறது. யாருக்குத் தெரியப் போகிறது? ஓய்வுக்கு இன்னும் எட்டு வருஷம். நான் வேறு எந்த வேலைக்கு லாயக்கு?

படுத்துக்கொண்டே இதையெல்லாம் நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 18, திங்கள்

ஒன்பதாவது ஸ்லைடு. நேராகப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திருப்பி வைத்துப் பார்த்தேன்.

ஒரு கொத்து. ஏழெட்டு செல் ஒட்டிக்கொண்டு, கருமையாக, கோணலாக. படிக்க வந்த பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும், அவ்வளவு தெளிவு. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அதன் மேலேயே போய்விட்டு வந்திருக்கிறேன். அந்த இடத்தில் எனக்கு நல்ல ரோஸ் செல்தான் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. என் மூளை அதை வரைந்து வைத்திருக்கிறது!

பக்கத்தில் பேனாவால் புள்ளி வைத்தேன். போன வாரம் வரைக்கும் நான் எதையும் திருப்பிப் பார்த்ததில்லை. போன வருஷம் முழுக்கத் திருப்பிப் பார்த்ததில்லை. அலமாரியில் தட்டுத் தட்டாக இருக்கிறதே, எல்லாத்திலயும் என் கையெழுத்து இருக்கே, அதுல எத்தனை கொத்து? எத்தனை பேரு வீட்ல நிம்மதியா உக்காந்திருக்காங்க?

மற்ற பதின்மூன்றையும் தொடவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். கதவுக்கு வெளியே பத்து நிமிஷம் நின்றேன். உள்ளே போனதும் கண் டாக்டர் கொடுத்த தாளை மேஜையில் வைத்தேன். மூலையில் புள்ளி தெரியாதது, ஒற்றைக் கண்ணால் பார்ப்பது, வரிசை தாண்டி ஏறுவது, தங்கை ஸ்லைடு, ஆபீஸ் வேலை என்று பொய் சொன்னது, சனிக்கிழமை பார்த்த இருபத்திரண்டு — எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. டாக்டரம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"வரிசையை எப்ப இருந்து குறைச்சீங்க?"

"ஏழெட்டு வருஷமா."

"என்கிட்ட 'வேகம் நல்ல வேகம்'னு பேர் வாங்கினீங்களே, அது இதுதானா?"

"ஆமா டாக்டர்."

தாளை எடுத்துத் தன் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, "வேகத்தைப் பார்த்து நானும் கேக்கலை" என்றார். போன வருடம் ஜனவரியிலிருந்து நான் 'இயல்பு' என்று எழுதிய எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். ஐயாயிரத்துச் சொச்சம். அவரும் நத்தையும் பார்ப்பார்கள், வேறு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேரைக் கேட்டு வாங்குவார். நான் இனி மைக்ராஸ்கோப் பக்கம் போகக் கூடாது. முடிவுகள் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வேண்டும். விசாரணை வரும், வந்தால் பதில் சொல்ல வேண்டும்.

வெளியே வந்ததும் நத்தையிடம் நானே சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப முதல் தட்டு எங்கக்கா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 20, புதன்

இவரிடம் சொன்னேன். ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் சுவத்துக்கு வெள்ளை அடிச்சுட்டிருந்தேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இப்போது வேளாவேளைக்கு அலாரம் வைத்து என் கண்ணில் மருந்து விடுகிறார். ஒரு சொட்டு கூடக் கீழே விழுவதில்லை.

மார்ச் 24, ஞாயிறு

வாலுவிடம் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்ப எனக்கு இருந்திருந்தா? பதினஞ்சாம் தேதி நான் போன் பண்ணினப்பகூட உனக்குத் தெரியும். தெரிஞ்சுட்டே 'சரிடி, சந்தோஷம்டி'ன்னு சொன்ன. என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு ஒன்பது நாளா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாலு என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

ஜன்னலில் உட்கார்ந்து கவர்களைக் கொடுக்கிறேன். ஒவ்வொருவரும் பிரித்துப் படிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் இந்த முகங்களை நான் பார்த்ததே இல்லை. எனக்கு எல்லாரும் எண்தான்.

உள்ளே பார்த்து முடித்தது எழுநூறு. கிடைத்தது ஒன்று. சின்ன மாற்றம்தான், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். நத்தைதான் வந்து சொன்னாள்.

ஏப்ரல் 18, வியாழன்

ஆயிரத்து அறுநூறு. மூன்று.

கண்ணை மூடினால் அந்த டிக், டிக்.

மே 5, ஞாயிறு

வாலு வந்தாள். ஆறு வாரம் கழித்து. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் ஜன்னல்களில் போர்வையை மாட்டினாள். "மாமா, படத்தைப் போடுங்க" என்றாள்.

எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. நாற்பது விநாடி வரப்போகும்போது எழுந்து போகப் பார்த்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இனிமே நீ மூலையைப் பார்க்கலாம். நான்தான் நடுவைப் பார்க்கணும். இதுதான் விதி."

மூலையைப் பார்த்தேன். புள்ளி வந்தது. "அதோ"வை அவள்தான் சொன்னாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். "போகலை" என்றாள். ஆனால் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

மே 22, புதன்

நத்தை ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய டாக்டர் அறைக்கு ஓடினாள். என்னைத் தாண்டித்தான் ஓடினாள், என்னைப் பார்க்கவில்லை.

3306. போன வருடம் ஆகஸ்ட். இயல்பு. என் கையெழுத்து.

முற்றிய மாற்றம். இன்னும் புற்றாகவில்லை, ஆகப் போகிற வழியில் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு மூன்று வருடம் கழித்து வந்தால் போதும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போனில் கிடைக்கவில்லையாம். கடிதம் போட்டிருக்கிறார்கள்.

மே 30, வியாழன்

3306 வரவில்லை. வீடு மாறியிருந்தால்? கடிதம் வேறு யார் கையிலாவது கிடந்தால்?

ஜூன் 7, வெள்ளி

வரவில்லை. இரண்டாவது கடிதம். பதிவேட்டில் வேலை செய்யும் இடம் என்று ஒரு தையற்கடை போட்டிருந்தது. இன்றைக்கு அரை நாள் லீவு போட்டு அந்தத் தெருவில் தேடினேன். கடையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரிக்குத் தெரியவில்லை, எதிரில் சைக்கிள் பழுது பார்ப்பவருக்கும் தெரியவில்லை. தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரி போன் நம்பரை அங்கே நாலு பேரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நத்தையிடம் சொன்னபோது, "நீங்க போனீங்களா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது இன்றைக்குத்தான்.

ஜூன் 14, வெள்ளி

எல்லா ஸ்லைடும் முடிந்தது. மொத்தம் ஒன்பது. ஆறு பேருக்கு ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். இரண்டு பேருக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டது. 3306 வரவில்லை.

ஜூன் 21, வெள்ளி

பதினொன்றரை மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஓர் அம்மா வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றக்கூட இல்லை. சைக்கிள்காரர் சொல்லி விட்ட பிறகுதான் பழைய வீட்டில் கிடந்த கடிதத்தைத் தேடி எடுத்தாராம். அதை நீட்டினார். எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதுல 'மறுபடி பார்த்ததில்'னு போட்டிருக்கே. அப்ப மொதல்ல பார்த்தவங்க என்ன, தூங்கிட்டாங்களா?"

டாக்டர் விளக்குவார், நாலாம் நம்பர் அறைக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும். அதுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் பதில்.

"நான்தான்மா மொதல்ல பார்த்தேன்" என்றேன். "என் கண்ணுல ஒரு இடம் தெரியாம போயிருந்துச்சு. அது எனக்கே தெரியலை. அவசரமாவும் பார்த்தேன்."

என்னையே பார்த்தார். பின்னால் நின்ற ஆள் நகரச் சொன்னார், நகரவில்லை.

"எனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

குனிந்து கடிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன்.

"இப்ப ஆயிருக்கா?"

"இல்லம்மா. இப்பவே பார்த்தா சரி பண்ணிடலாம். டாக்டர் உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்காங்க. தினமும் கேக்கறாங்க."

கடிதத்தை நாலாக மடித்தார். மறுபடி பிரித்தார். ஜன்னல் மேடையில் வைத்து விரலால் மடிப்பைத் தேய்த்துச் சரி செய்தார், துணியைச் சரி செய்கிற மாதிரி.

"கண்ணு தெரியலைன்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"வீட்ல ஒரு பழைய படம் பார்த்தோம். அதுல ஒரு சின்ன வெளிச்சம் வரும். என் தங்கச்சிக்குத் தெரிஞ்சுது. எனக்குத் தெரியலை."

"எந்தப் பக்கம் தெரியாது?"

"வலது பக்கம். மேல."

ஜன்னலின் வலது ஓரத்தில் நின்றவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு இடது ஓரத்துக்கு வந்தார்.

"இப்பத் தெரியுதா? எந்த ரூமுக்குப் போகணும், சொல்லுங்க."

ஆள் எந்தப் பக்கம் நின்றாலும் எனக்குத் தெரியும். அவ்வளவு பெரிய மறைப்பு இல்லை அது. அதை நான் சொல்லவில்லை. தெரியுதும்மா என்றேன். ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்து, நாலாம் நம்பர் வரைக்கும் கூடவே போனேன். நீளமான தாழ்வாரம். கதவு வரும் வரை அவர் என் இடது பக்கமாகவே நடந்து வந்தார்.